தோளுக்குப் பின்னால் ஒரு பீரோ

புதுச்சேரி,
10 டிசம்பர் 2006, ஞாயிறு மாலை.

அன்புள்ள உங்களுக்கு,

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று முடிவு செய்யாமலே காலத்தை ஓட்டிவிட்டேன். "இதோ பாருங்க" என்பது கடிதத்தில் எடுபடாது. ஆகவே மேலே உள்ளபடியே இருக்கட்டும். இங்கு வீடும் தண்ணீர் மோட்டாரும் மாடியில் குடியிருக்கும் அம்மாவாசை குடும்பமும் நலம். வலது தோள்பட்டை நீங்கலாக நானும் நலம். தொலைபேசியில் நீங்கள் சொல்லும் நலத்தை நான் முழுவதும் நம்புவதில்லையாதலால் அதை எழுத்தில் அறிய ஆவல்.

இன்று காலை நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரீயூனியன் தீவுப் பள்ளிக்கூடத்தார் இன்னும் இரண்டு வருடம் தமிழ் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுகிறார்கள், மாதக் கடைசிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், போடட்டுமா என்றீர்கள். போடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு வருடம் என்று சொல்லிப் போய் அது நான்காக ஆனபோதும் வீடு இடிந்து விழவில்லை. நம் மகள் துர்காவும் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் காலையில் காலாப்பட்டு பஸ் ஏறிப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகிறேன், சாயந்தரம் வந்து ஒரு ஆளுக்குச் சமைக்கிறேன், அந்த ஆளே சாப்பிட்டுவிடுகிறாள். தோள் விஷயத்தில் "சரியாயிடுச்சு" என்று நான் போனில் சொன்னது ஏறத்தாழ உண்மை. அந்த ஏறத்தாழவை விளக்கத்தான் இந்தக் கடிதம். விளக்கிவிட்டால் நீங்கள் நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைச்சாவடியில் மீன் கூடையோடு ஒரு அம்மா ரோட்டைக் கடக்க, டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். நான் முன்னால் போனேன், கை கம்பியிலேயே இருந்தது, தோள் யார் பக்கம் போவது என்று தெரியாமல் தன் குழியை விட்டு இறங்கிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் 'டொக்' என்று தானாகவே திரும்ப ஏறியும் விட்டது. என் முகத்தைப் பார்த்த கண்டக்டர் "சிக்குன்குனியாவா மேடம்? எங்க வூட்ல நாலு பேருக்கு" என்றார். அன்றிலிருந்து இந்த ஊரில் ஒருவரும் எனக்கு வேறு எதுவும் இருப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை. வருட ஆரம்பத்தில் உங்கள் தீவையே படுக்கப்போட்ட அந்தக் காய்ச்சல் இப்போது நம் தெருவில் இருக்கிறது. நீங்கள்தான் யார் மூலமோ கொடுத்தனுப்பினீர்கள் என்று அம்மாவாசை உள்ளூர நினைக்கிறார். தெருவில் ஒருவருக்கும் முட்டி மடங்கவில்லை, விரல் மூடவில்லை. பால்காரர் ஒரு தடவை சைக்கிளை விட்டு இறங்கினால் திரும்ப ஏறுவதற்கு நாலு வீட்டு ஆட்கள் யோசனை சொல்கிறார்கள். இந்தத் தெருவில் நின்று "எனக்கு மூட்டு இறுகவில்லை, அளவுக்கு மேல் தளர்ந்திருக்கிறது" என்று சொன்னால், எல்லோர் வீட்டிலும் குழாய் காய்ந்து கிடக்கும்போது நம் வீட்டில் தொட்டி வழிகிறது என்று குறைப்பட்டுக்கொள்வது போல இருக்கும். அதனால் அம்மாவாசை காலையும் மாலையும் இறக்கிக் கொடுத்த நிலவேம்புக் கஷாயத்தை மறுக்காமல் குடித்தேன். இல்லாத நோய்க்கு இவ்வளவு கசப்பை யாரும் குடித்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு தலை வாரும்போது ஒரு தடவை, மேல் தட்டில் புத்தகம் வைக்கும்போது ஒரு தடவை என்று தோள் இறங்கத் தொடங்கவே, கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் என் கட்டைவிரலை மணிக்கட்டோடு சேர்த்து மடக்கினார், சேர்ந்தது. சுண்டுவிரலைப் பின்னால் வளைத்தார், வளைந்தது. முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வையுங்கள் என்றார், வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டாம், ஏறக்குறைய முழுசாக வாங்கியிருக்கிறேன். எம்.ஏ.வில்கூட எனக்கு இப்படி வந்ததில்லை. டாக்டருக்குச் சந்தோஷம் தாங்காமல் மாணவர்களைக் கூப்பிட்டுவிட்டார். சுற்றி நின்றவர்கள் முன்னால் எல்லாவற்றையும் மறுபடியும் செய்தேன். அலுவலகத்தில் யாராவது உரக்கப் பேசினாலே உள் அறைக்குப் போய்விடும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்ததை நீங்கள் பார்க்காமல் போனதே நல்லது. விஷயம் இதுதான்: உடம்பில் எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டிவைக்கும் நார் எனக்குப் பிறப்பிலேயே தளர்வு. அதை இறுக்க மருந்து கிடையாது. நார் செய்ய வேண்டிய காவலைத் தசைக்குப் பழக்க வேண்டும், அதற்குப் பயிற்சி ஒன்றுதான் வழி. சின்ன வயதில் "உன் பொண்ணுக்கு உடம்பு வில்லா வளையுது" என்று எங்கள் அம்மாவிடம் வந்தவர் போனவரெல்லாம் மெச்சியது ஒரு நோய்க்குறியை என்று தெரிந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

பயிற்சிக்கு முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன இடம். நடத்துபவர் தையல்நாயகி என்ற பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், மெல்லப் பேசத் தெரியாது. கூடம் முழுவதும் காய்ச்சலில் மூட்டு இறுகியவர்கள். அவர்களிடம் "மடக்குங்க, இன்னும் மடக்குங்க, வலிச்சா பரவால்ல" என்று விரட்டுவார், என்னிடம் வந்ததும் "நீங்க வேணாம் மேடம், பாதியில நில்லுங்க" என்பார். நம் தெருக்கோடி ஜெயம் அக்காவும் அங்கேதான் வருகிறார். ஒரு நாள் கூடம் கேட்கச் சொன்னார்: "நாங்கல்லாம் உயிர் போயி உயிர் வருது, இந்தம்மா பாதியில நிறுத்திகினு நிக்குது. இதுக்குப் பேரு வைத்தியமா, வேடிக்கை பாக்கறதா?" பாதியில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது. கையை நீட்டினால் அது பாட்டுக்குக் கடைசி வரை போய்த்தான் நிற்கும். நடுவில் நிறுத்தி வைத்தால் பதினைந்தாவது நொடியில் உடம்பெல்லாம் நடுங்குகிறது. கண்ணை மூடிவிட்டால் கை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரிவதில்லை. கண்ணாடியில் பார்த்துத்தான் என்னுடைய கை என்று கண்டுபிடிக்கிறேன்.

இரண்டாம் வாரம் தையல்நாயகி, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். "அவர் இருக்கார்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. உண்மையில் பார்த்தால் அது பொய்யும் இல்லை. நீங்கள் இருக்கத்தான் இருக்கிறீர்கள், புதுச்சேரியில் இல்லை, அவ்வளவுதான். அப்படியானால் நல்லதாகப் போயிற்று என்று உங்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் முக்காலியில் உட்கார வேண்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, என் வலது தோள்பட்டை எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்ள வேண்டும். நான் அந்தக் கையை நோக்கி எலும்பை மெல்லத் தள்ளி, நிறுத்தி, விட வேண்டும். தினமும். "சரி, சொல்றேன்" என்று வந்துவிட்டேன். வந்து யாரிடம் சொல்வது? முதலில் சுவரில் சாய்ந்து பார்த்தேன். சுவர் முதுகு முழுவதும் படுகிறதே ஒழிய எலும்பில் படவில்லை. அப்புறம் பீரோ. துண்டை மடித்து வைத்துக்கொண்டு பீரோவில் சாய்ந்தால் சரியான இடத்தில் பட்டது, பீரோவின் கைப்பிடியும் பட்டது. மாடி வீட்டு மருமகள் கலைவாணியைக் கேட்டேன். நல்ல பெண், உடனே ஒத்துக்கொண்டாள், ஆனால் ஏழரை மணித் தொடர் ஓடும்போதுதான் வர முடியும் என்றாள். டி.வி. முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தொடரில் மாமியார் பேசப் பேச அவள் பிடி இறுகிக்கொண்டே வந்தது. மூன்றாம் நாள் மாமியார் மருமகளைக் கைநீட்டி அடித்துவிட்டாள். என் தோள் இறங்கிவிட்டது. திரும்பவும் பீரோவிடமே போனேன்.

இதன் பலனை நீங்கள் அனுபவித்தீர்கள். தோளில் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்த தையல்நாயகி குரலைத் தாழ்த்தி, அவரால் முடிந்தவரை தாழ்த்தி, "சார் கொஞ்சம் முரடா மேடம்?" என்று கேட்டார். நீங்கள் மிகவும் சாது என்றேன். "சாதுங்கதான் அழுத்தமா இருப்பாங்க. மெதுவா புடிக்கச் சொல்லுங்க" என்றார். அடுத்த வாரம் நீங்கள் இடம் மாற்றிப் பிடிப்பதாக எனக்குத் திட்டு விழுந்தது. அதற்கடுத்த வாரம் உங்களுக்கு அக்கறையே இல்லை என்று முடிவாயிற்று. கடைசியில், சனிக்கிழமை கையோடு கூட்டி வாங்க, நானே சொல்லிக்கொடுக்கறேன் என்றார். உங்களுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். இந்த ஊரில் இப்போது இதைவிட நம்பத்தக்க காரணம் கிடையாது. ஆனால் அவர் மூட்டு வைத்தியக்காரர் என்பதை மறந்துவிட்டேன். உடனே உட்கார்ந்து உங்கள் மூட்டு ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கேட்கக் கேட்கப் பதில் சொன்னேன், அதில் ஒன்றும் பொய் இல்லை. பிப்ரவரியில் உங்களுக்கு அங்கே அதே காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்திருந்ததையும், என்னிடம் 'லேசா ஜலதோஷம்' என்று சொன்னதையும், உங்களோடு வேலை செய்யும் நாராயணசாமியின் மனைவி வாய்வழியாக நான் தெரிந்துகொண்டதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் சாக்பீஸ் பிடிக்க விரல் மடங்க நேரமாகிறது என்று போன மாதம் நீங்களே வாய் தவறிச் சொன்னீர்கள். அதைத்தான் சொன்னேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை முக்கி, ஈரத்துண்டைப் பிழிவது போல மெல்லப் பிழிந்து விட வேண்டுமாம். காலையில் எழுந்ததும் செய்ய வேண்டும், வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். மறக்காமல் செய்யுங்கள். எல்லாம் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். "அவருக்கு மடங்கவே மாட்டேங்குது, உங்களுக்கு மடங்கறது நிக்கவே மாட்டேங்குது. நல்ல ஜோடி மேடம்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு நேராக வராமல் கடற்கரைச் சாலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மழைக்கு முன்னால் அங்கே காற்று நன்றாக இருக்கிறது, வேறு காரணம் இல்லை.

போன வெள்ளிக்கிழமை இது முடிவுக்கு வந்தது. சார் இப்ப எப்படி இருக்கார் என்று தையல்நாயகி கூடத்தில் எல்லோர் முன்னிலும் கேட்க, விரலை மடக்கப் போராடிக்கொண்டிருந்த ஜெயம் அக்கா நிமிர்ந்தார். "எந்த சாரு? இவங்க வூட்டுக்காரரு ரீயூனியன்ல இல்ல இருக்காரு. போயி நாலு வருசம் ஆவுதே" என்றார். கூடத்தில் இருந்த ஒருவருக்கும் அதுவரை கழுத்து திரும்பியதில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் திரும்பியது.  எல்லோரும் போன பிறகு தையல்நாயகி என்னை முக்காலியில் உட்கார வைத்து, "அப்ப இத்தினி நாளா யாரு புடிச்சாங்க?" என்று கேட்டார்.

"பீரோ" என்றேன்.

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பின்னால் வந்து உட்கார்ந்து, தோள்பட்டையில் கையை வைத்தார். அழுத்தவில்லை. ஒரு காகிதத்தின் மேல் வைப்பது போல வைத்தார். கண்ணை மூடச் சொன்னார், மூடினேன். கண்ணாடி இல்லாமலே எலும்பு இருக்கும் இடம் எனக்குத் தெரிந்தது. அது தன் இடத்தில் போய் உட்கார்ந்து நின்றது, நடுங்கவில்லை. "பலம் ஒண்ணும் வேணாம் மேடம். தோளுக்கு அது எங்க இருக்குதுன்னே தெரியல. ஒரு கை இருந்தா தெரிஞ்சிக்கும்" என்றார். நான் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை. அவசரப்படுவதுதான் அவர் சுபாவம், அன்று என்னவோ அவசரப்படவில்லை.

கிளம்பும்போது "எப்ப வராரு?" என்று கேட்டார். "ஜனவரியில" என்றேன். இதுவும் வாயில் வந்ததுதான். நீங்கள் இதைப் பொருட்படுத்த வேண்டாம். இன்னொரு காய்ச்சலைச் சொல்லி நான் சமாளித்துக்கொள்வேன். தோள் முன்னைக்கு எவ்வளவோ தேவலை. பஸ்ஸில் இப்போது கம்பியைப் பிடிப்பதில்லை, உட்கார இடம் இருக்கும் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். புத்தகங்களைக் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டேன். ஆகவே மறுபடியும் சொல்கிறேன், யோசிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். அங்குள்ள பிள்ளைகளுக்கு நீங்கள் வேண்டும். இங்கே எல்லாம் பழகிவிட்டது.

வேளைக்குச் சாப்பிடுங்கள், கொசுவலை கட்டிக்கொண்டு படுங்கள். துர்காவின் அன்பும், மாடி வீட்டாரின் விசாரிப்பும், ஜெயம் அக்காவின் சந்தேகங்களும் இத்துடன் வருகின்றன.

என்றும் உங்கள் நலம் கோரும்,
தீபலட்சுமி

பின்குறிப்பு: மேலே 'போடுங்கள்' என்று எழுதிய இடங்களை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பக்கம் அசிங்கமாகிவிடும். திரும்ப எழுதத் தோள் இடம் தராது. நீங்களே அந்த வரிகளை விட்டுவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட வேண்டாம். பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை காலை உங்களை அழைத்து வருவதாகத் தையல்நாயகியிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன், அவரும் அந்த நேரத்தை ஒதுக்கிவிட்டார். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லையே என்று அங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். இந்த வேலைக்கு அது மடங்க வேண்டியதில்லை.