டைம்கீப்பர் சாமியின் பாதயாத்திரை

கதிர்காம முருகனுக்கே நேர அட்டவணை போட்டவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் செங்கலடி டைம்கீப்பர். பஸ் நிலையத்தில் பெட்டிக்கடை அளவான அறைக்குள் இருந்து, எந்த பஸ் எப்போது வெளிக்கிட வேண்டும் என்று முப்பது வருடம் விசில் ஊதியவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊதினார். வீட்டில் சோறு பிந்தினால் ஊதுவார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அது பென்சன் கந்தோருக்குத்தான் தெரியும்.

அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தது. தினமும் நடக்கும்படி டொக்டர் சொன்னார். அவர் கேட்கவில்லை. மனைவி பார்த்தார்; டொக்டரை விட்டுவிட்டு முருகனைப் பிடித்தார். 'வருத்தம் குறைந்தால் என் புருஷன் வருடா வருடம் கதிர்காமத்துக்கு நடப்பார்' என்று நேர்ந்துவிட்டார். வருத்தமும் கொஞ்சம் குறைந்தது. வேண்டுதல் மனைவியுடையது, கால் டைம்கீப்பருடையது.

வடக்கிலிருந்து வரும் பாதயாத்திரைக்காரர்கள் வாகரை, சித்தாண்டி, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கரையோரமாக இறங்கி உகந்தைக்கு வருவார்கள். அங்கே காட்டு வாசல் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் திறந்திருக்கும். அதற்குள் நுழைந்து காட்டைக் கடந்தால் கதிர்காமம். காவி கட்டிய எல்லோருக்கும் பெயர் 'சாமி'. டைம்கீப்பர் இந்தப் பாதை முழுவதையும் ஒரு பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் வரைந்து, ஒவ்வொரு ஊருக்கும் நேராக பஸ் நேரம் எழுதினார். காட்டுக்கு நேராக மட்டும் எதுவும் எழுதவில்லை. அங்கே பஸ் இல்லை என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

அவரோடு நாங்கள் நான்கு பேர் சேர்ந்தோம். ஏன் சேர்ந்தாய் என்று கேட்காதீர்கள். எனக்கும் முழங்கால் இருக்கிறது.

"நடக்கிறதெண்டு நேந்துபோட்டு பஸ்ஸில போறது பாவமில்லியா டைம்கீப்பர்?" என்று முதல் வருடம் கேட்டேன்.

"என்ன பாவம்? மாம்பழத்துக்கு உலகத்தைச் சுத்தினவர் முருகன். தாய் தகப்பனைச் சுத்திப்போட்டுக் குந்தினவர் பிள்ளையார். மாம்பழம் ஆருக்குக் கிடைச்ச?"

"பிள்ளையாருக்கு. ஆனா நாம போறது தோத்தவர்ட கோயிலுக்கெல்லுவா?"

"அதான் சொல்றன். தோத்தவருக்குத்தான் குறுக்குவழிட அருமை தெரியும்."

யாத்திரை தொடங்கும் வாகரைக்கே நாங்கள் பஸ்ஸில்தான் போவோம். கோயிலில் கும்பிட்டு, அரோகரா சொல்லி, பார்ப்பவர்கள் பார்க்கும்படி அடுத்த வளைவு வரை விறுவிறு என்று நடப்போம். வளைவில் பஸ் வரும். அது தற்செயலாக வராது, அட்டவணைப்படி வரும். பிறகு வாழைச்சேனையில் ரயில். அந்த ரயில் எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்தால் போவதுதான் வில்லங்கம். காலையில் பூமாலை போட்டு வழியனுப்பிய மனைவிமார் ரயில் கடவையில் நின்றுவிடக்கூடும். அதனால் டைம்கீப்பர் மெதுவாக விசில் ஊதியதும் ஐந்து சாமிமாரும் சீற்றுக்குக் கீழே குனிய வேண்டும். ஒருமுறை அப்படிக் குனிந்திருந்தபோது ஏறாவூரில் ஏறிய துணி வியாபாரி ஒருவர் குனிந்து எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"சாமிமாரே, கதிர்காமத்துக்கு எப்ப ரெயில் உட்ட?"

"திருப்பணி நடக்குது நானா, சொல்லிப்போடாதீங்க" என்றார் டைம்கீப்பர்.

பெரிய சிக்கல் காலில் இருந்தது. மட்டக்களப்புக்குத் தெற்கே வழிநெடுக வீட்டுக்காரர்கள் சாமிமாரை இருத்தி, மஞ்சள் தண்ணீரால் கால் கழுவிச் சோறு போடுவார்கள். நடந்த கால் எப்படி இருக்கும் என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். அதற்காக நாங்கள் ஒரு பஸ் தரிப்பு முன்னால் இறங்கி, வாவிக்கரைச் சேற்றில் காலைப் புதைத்து, அதற்கு மேல் றோட்டுப் புழுதி போட்டுக்கொள்வோம். ஒப்பனை முடியும்வரை டைம்கீப்பர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்பார்.

போன வருடம் கல்லாறு என்ற ஊரில் ஒரு வீடு. வசந்தி என்ற பெண், ஆறு மாதக் கர்ப்பிணி. கணவன் தண்ணீர் ஊற்ற, அவள் பலகையில் உட்கார்ந்து டைம்கீப்பரின் காலைக் கழுவினாள். சேறு போயிற்று. உள்ளே குழந்தைக் கால் போலப் பளபளவென்று ஒரு பாதம்.

"வாகரையில இருந்து நடந்து வந்த கால்! ஒரு கொப்புளம் இல்ல! முருகன் தூக்கிக்கொண்டெல்லுவா வந்திருக்கார்!" என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. டைம்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். பக்தி என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும், பயம்.

வசந்தி அந்தக் காலை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தாள். சோறு சாப்பிட்டு முடித்ததும், வெள்ளியில் செய்த சிறிய குழந்தை உரு ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து நீட்டினாள்.

"சாமி, மூண்டு தரம் எனக்குத் தங்காமப் போயிற்று. இந்த முறை தங்கினா நடந்து வந்து இதைக் குடுப்பன் எண்டு நேந்தன். டொக்டர் தூரம் நடக்கவே கூடாதெண்டிட்டார். என்ட இடத்தில நீங்க கொண்டுபோங்க. வாகனத்தில மட்டும் ஏத்திப்போடாதீங்க சாமி."

டைம்கீப்பர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். எங்கள் அடுத்த பஸ் வந்தது, நின்றது, போனது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பஸ் ஒன்று அவருக்குத் தெரியாமல் போனதை அன்றுதான் கண்டேன்.

"நான் கிறுகித் திரும்பி வாகரைக்குப் போறன்" என்றார்.

"விசரா உங்களுக்கு? இஞ்சயிருந்து நடந்தாக் காணாதா?" என்றேன்.

"என்ட நேத்திக்கடன் எண்டா நானும் முருகனும் பேசித் தீத்துக்கொள்ளுவம். இது அந்தப் பிள்ளைட நேத்தி. வாகரையில இருந்து நடந்த கால் எண்டு நம்பித் தந்திருக்கிறா. அதைப் பொய்யாக்க ஏலுமா?"

முடிச்சை என்னிடம் தந்துவிட்டு, நடப்பதற்காக பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறி வடக்கே போனார். மற்ற மூன்று சாமிமாரும் அடுத்த பஸ்ஸில் தெற்கே போய்விட்டார்கள். உருவை வாகனத்தில் ஏற்றக்கூடாதல்லவா? அதனால் நான் அதை மடியில் கட்டிக்கொண்டு, அதே வீட்டு விறாந்தையில் நாட்கணக்கில் கிடந்து, மூன்று வேளையும் சாப்பிட்டேன். கேட்டவர்களுக்குக் கால் சுளுக்கு என்றேன்.

பின்னேரங்களில் போன் வரும். "பனிச்சங்கேணிப் பாலம் தாண்டிட்டன்." மறுநாள், "வலது குதிக்கால் வெடிச்சிட்டு." பிறகு ஒருநாள் மூச்சு மட்டும் வாங்கினார். கல்லாற்றுக்கு வந்து சேர்ந்தபோது முகம் கறுத்து, ஆள் பாதியாகியிருந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வாசல் படலையில் நின்றே முடிச்சை வாங்கிக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். வெட்கம் என்னை நடத்தியது என்றும் சொல்லலாம்.

உகந்தைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காட்டு வாசல் முதல் நாளே மூடிவிட்டது. வாழ்நாளில் அவர் பிந்திய ஒரே இடம் அது.

"உங்களால ஏலுமானதைச் செஞ்சிட்டீங்க. வாங்க, பஸ்ஸில போவம்" என்றேன்.

"அவ நடந்து எண்டுதான் சொன்னவ. காட்டால எண்டு சொல்லேல்ல. றோட்டு மூடேல்லத்தானே?"

றோட்டு என்றால் பொத்துவிலுக்குத் திரும்பி, மொனராகலை, புத்தல என்று ஊரெல்லாம் சுற்றும் வழி. காட்டு வழியை விட இரண்டு மடங்கு தூரம். குறுக்குவழிச் சக்கரவர்த்தி அதில் இறங்கினார். வழியில் எங்கள் டிப்போ பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. சாரதி எட்டிப் பார்த்து, "அண்ணன், ஏறுங்க, சீற் கிடக்கு!" என்றான்.

டைம்கீப்பர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பிந்தி ஓடுறாய். போ!" என்றார்.

திருவிழா முடியும் தீர்த்தத்துக்கு முதல் நாள் கதிர்காமம் போய்ச் சேர்ந்தோம். உருவைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு மணலில் குந்தி அழுதார். தன் சீனி வருத்தத்தைப் பற்றி முருகனிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் போன் அடித்தாலே எழுந்து நிற்பார். ஐப்பசியில் செய்தி வந்தது: பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு முப்பத்தொராம் நாள் கழிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு கல்லாற்றுக்குப் போனார். வசந்தியின் முன்னால் கைகட்டி நின்று, பஸ், ரயில், சேறு எல்லாவற்றையும் ஒப்புவித்தார்.

அவள் சிரித்தாள். "கழுவக்குள்ளேயே தெரியும் சாமி. அண்டைக்கு வந்த மத்தச் சாமிமாருக்கெல்லாம் காலெல்லாம் புண். பாவம், அவங்கள்ட்டக் குடுக்க மனம் வரல்ல. உங்கள்ட்டத்தான் இன்னும் நடக்கிறதுக்குக் கால் மிச்சம் கிடந்திச்சு."

வசந்தி பிள்ளையை டைம்கீப்பர் மடியில் வைத்தாள். அது சிணுங்கியது. இறக்கி வைக்கவும் தெரியாமல், ஆட்டவும் தெரியாமல், அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

இந்த வருடத்துக்கான அட்டவணையை நேற்றுத்தான் கொண்டுவந்து காட்டினார். பாதிக்கு மேல் பஸ்தான். முழுவதையும் படித்துக்கூடப் பார்க்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸோ நடையோ, அந்த மனிதர் இல்லாமல் எனக்குக் கதிர்காமம் போகத் தெரியாது.