சாயம் போகாத சுப்பராயலு

தெப்பம் முதல் சுற்றில் பாதிகூட வரவில்லை, குளத்துத் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிட்டது.

கரையில் நின்ற பட்டுக் கடை சுப்பராயலு குனிந்து தண்ணீரையே உற்றுப் பார்த்தார். ‘சாயம் போனால் புடவை இலவசம்’ என்று கடை வாசலில் போர்டு மாட்டிய ஒரே ஆள் ஆரணியில் அவர்தான். தெப்பம் மூன்று நாள். மூன்று நாளும் அம்மனுக்கு அரக்குப் பட்டுதான். அவரும் ஒன்று உபயமாகக் கொடுத்திருந்தார்; எந்த நாளுக்கு எது என்பது பூசாரி இஷ்டம். கழுத்துவரை மாலையில் மூழ்கியிருந்த அம்மனுக்குக் கீழே அரக்குக் கொசுவம் மட்டும் ஒரு முழம் வழிந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“இன்னாங்க, தண்ணி செவந்துகினே வருது?” என்றாள் மனைவி அபிதகுசாம்பாள்.

“கத்தாதடி! போர்டைக் கழட்ட வெச்சுடுவே போலக் கீது” என்று பல்லைக் கடித்தவர், ஜவ்வாது மலைக்கே கேட்கும்படி தானே கத்தினார்: “ஆத்தா குங்குமம் கரையுது! எல்லாரும் கும்புட்டுக்குங்க!”

ஆரணியில் பாதி குளத்தில் குதித்தது. மீதிப் பாதி தண்ணீர் பிடிக்க பாட்டில் தேடி ஓடியது. வெள்ளை வேட்டியோடு குதித்தவர்கள் எல்லாம் ரோஸ் வேட்டியோடு கரையேறினார்கள்.

“குங்குமமா இது? வேட்டியைக் கசக்கினாலும் போவலியே. புடவைச் சாயமா இருக்குமோ?” என்றார் ஒருவர்.

“புடவையா? சேச்சே!” என்றன இரண்டு குரல்கள். ஒன்று சுப்பராயலுவுடையது. இன்னொன்று விழாக் கமிட்டித் தலைவர் பன்னீர்செல்வத்துடையது. அவருக்கும் பட்டுக் கடைதான். ஏனோ அவருக்கும் தொப்பலாக வியர்த்திருந்தது.

“பின்னே எங்கேர்ந்து வருது?”

“பேரலுங்க!” என்று உளறினார் சுப்பராயலு. “தெப்பத்துக்கு அடியில மெதக்கறதுக்குக் கட்டினது என் பட்டறை சாயப் பேரல். சரியாக் கழுவல.”

“அதானே பார்த்தேன்! பேரல்தான்!” பன்னீர்செல்வம் அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காத குறை. பிறகுதான் கோபப்பட ஞாபகம் வந்தது. “சாமிக்கு அடியில சாயப் பேரலாய்யா கட்டுவே? எறங்கு! ஜல்தி அவுத்து எடு!”

வேறு வழி? சுப்பராயலு கழுத்தளவு தண்ணீரில் நடந்துபோய் ஒரு பேரலை அவிழ்த்தார். தெப்பம் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. கொசுவம் இடுப்புவரை முங்கியது. குளம் பீட்ரூட் வேகவைத்த அண்டாவாயிற்று.

“இன்னும் செவக்குது! சரியான பேஜார்யா உன்னோட!” என்று மைக்கிலேயே அலறினார் தலைவர். “அடுத்த பேரலையும் அவுறு!”

சுப்பராயலு அவிழ்த்தார். மேளக்காரர்கள் தவிலோடு ஒரு மூலைக்குச் சறுக்கிவந்தார்கள். சுப்பராயலுவின் மீசைகூட ரோஸாகிவிட்டது. போர்டு பிழைத்தால் போதும் என்று மூன்றாவது முடிச்சில் கை வைத்தார்.

அம்மனை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்த பூசாரி ரங்கசாமி மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“அடப் பேரலை வுடுங்க சுப்பராயலு! உங்க உபயம் நாளைக்கி, உங்க புடவை மடிப்புகூடக் கலையாம பெட்டியில கீது. இன்னிக்கி ஆத்தா கட்டிகினு கீறது தலைவர் வூட்டுப் புடவை!”