பூச்சியத்தை ஒன்றாக்கிய ரியூப் அண்ணை

திருகோணமலையில் வீதி விபத்துகளின் உண்மைக் கணக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் பொலிஸிலும் இல்லை, எந்தத் திணைக்களத்திலும் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் வீதி வளைவில் சைக்கிள் ரியூப் ஒட்டுகிறார்.

அந்த வளைவில் ஒரு வழக்கம் உண்டு. இடித்தவரும் இடிபட்டவரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். பிறகு எதிர்க்கடையில் பிளேன்ரீ குடித்துச் சமாதானமாகிவிடுவார்கள். பொலிஸுக்குப் போனால் வழக்கு, தவணை என்று யார் அலைவது? நெளிந்த சைக்கிள் மட்டும் ரியூப் அண்ணையிடம் வரும். அவர் அதற்கு முன்பே விபத்தைக் குறித்துவைக்கக் கொப்பியை விரித்துவிடுவார்.

ஒருமுறை நானும் விழுந்தேன். ஓடி வந்தார், தண்ணீரோடு அல்ல, பேனையோடு.

"தம்பி, மயங்கிறதெண்டா பேரைச் சொல்லிப்போட்டு மயங்கும்."

"அண்ணை, தண்ணி..."

"தருவன். முதல்ல எந்த முழங்கால் எண்டு சொல்லும்."

நானும் பொலிஸுக்குப் போகவில்லை. விபத்துப் புள்ளிவிபரம் பதிகிற அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே போகவில்லை. பிளேன்ரீ நன்றாகத்தான் இருந்தது.

வளைவுக்கு எதிரே ஒரு பாலர் பாடசாலை. அங்கே ஒரு வேகத்தடை போட வைக்க அண்ணை நடையாய் நடந்தார். "பதிவில் விபத்து பூச்சியம்" என்று வீதிப் பொறியியலாளர் திருப்பி அனுப்பினார். அண்ணை கொப்பிகளைக் கட்டிக்கொண்டு வந்து என் மேசையில் போட்டார்.

"உங்கட பேப்பரில ஒருத்தரும் விழேல்லையாம். அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரின்ர றிம்மை நிமித்தினனான்?"

"பொலிஸில என்ட்ரி இல்லாட்டி நாங்கள் எழுத ஏலாது அண்ணை."

சில வாரம் கழித்து நான் அவர் கடையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றபோது, வளைவில் திரும்பிய ஓட்டோ ஒன்று நேரே கடைக்குள் வந்தது. கதிரையில் இருந்த அண்ணையின் கால் முறிந்தது. கிண்ணியாக்கார ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார்.

"அண்ணே, லைசன்ஸ் போனா என்ட புள்ளையள் பட்டினி."

வழக்கப்படி பிளேன்ரீ வந்தது. அண்ணை தட்டிவிட்டார்.

"ரீ வேண்டாம். ஓட்டோவைப் பொலிஸுக்கு விடும்!"

அண்ணையை அதே ஓட்டோவில் ஏற்றினோம்; நானும் கூடப் போனேன். பொலிஸில், ஆரின்ர பிழை என்று கேட்டார்கள். அண்ணை முந்திக்கொண்டார்.

"என்ர பிழைதான் ஐயா. நான்தான் பாக்காமல் குறுக்க ஓடினனான். இவர் பாவம், ஏத்திக்கொண்டு வந்தவர்."

கதிரையில் இருந்த மனிதர் எந்த வீதியில் குறுக்கே ஓடினார்? நான் வாயைத் திறந்தேன். அண்ணை என் காலை மிதித்தார், முறியாத காலால்.

பூச்சியம் ஒன்றானதைக் கண்டு பொறியியலாளர் கலங்கிப்போனார். விபத்துகள் திடீரென்று அதிகரித்துவிட்டனவாம். வேகத்தடை வந்துவிட்டது.

அந்த ஒன்றை நான்தான் கணினியில் பதிந்தேன். காரணம்: பாதசாரியின் கவனயீனம். என் உத்தியோகத்தில் நான் அறிந்தே பதிந்த பச்சைப்பொய் அது. நான் பெருமைப்படுகிற இலக்கமும் அதுதான்.

இப்போது பாடசாலை விடும் நேரத்தில் அண்ணை நொண்டி நொண்டி வந்து கொப்பியோடு நிற்கிறார். எழுத ஒன்றும் அகப்படவில்லை என்று என்னிடம் குறைபட்டுக்கொள்கிறார். அந்தப் பக்கங்கள் அப்படியே வெறுமையாகக் கிடக்கட்டும், அண்ணை.