விரல் மடக்கும் பேய்

ஸ்கந்தபுரத்தில் இப்போது நெல்லை விடப் பேய்தான் நன்றாக விளைகிறது. வெள்ளிக்கிழமைகளில் ஏரம்புச் சாமியாரின் கொட்டில் வாசலில் கால் வைக்க இடமிருக்காது. தர்மபுரத்திலிருந்தும் உழவு இயந்திரத்தில் ஏறி வருகிறார்கள். உள்ளூர்ப் பேயில் அவர்களுக்குத் திருப்தியில்லையாம்.

சாமியார் வேப்பிலையால் அடிக்கமாட்டார், நாகரிகமானவர். உடுக்கை அடித்து, "மூச்சை வேகமா விடு! இன்னும் வேகமா!" என்பார். கொஞ்ச நேரத்தில் கை விறைத்து விரல்கள் கொக்கின் அலகு மாதிரிக் குவியும். அதுதான் பேய்! பிறகு முகத்தைச் சிவப்புப் பட்டுத்துணியால் மூடி, "மெல்ல விடு" என்பார். விரல்கள் விரியும். பேய் போய்விட்டது. போன பேய் அடுத்த வெள்ளி திரும்பி வந்தால் அது பேயின் குற்றம்.

அன்று வினோஜாவின் முறை. வவுனியாப் பல்கலைக்கழகத்தில், அதுதான் கம்பஸில், இடம் கிடைத்து, திங்கட்கிழமை போகவேண்டியவள். பரீட்சை நேரம் படபடத்து ஒருநாள் மயங்கி விழுந்தாள்; அதற்குத்தான் இவ்வளவும். அவளுடைய விரல்களும் குவிந்தன.

"கண்டியளோ தங்கச்சி? வவுனியா றோட்டுப் பேய். இவளை அங்க விட்டியள் எண்டால் உயிரோட திரும்பமாட்டாள்" என்றார் சாமியார் தாயைப் பார்த்து.

தாய் விமலேஸ்வரி கண்ணைத் துடைத்தார். "விடமாட்டன் சாமி. படிப்பே வேண்டாம்."

கூட்டத்தில் நின்ற எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. வந்து என்ன, பேசாமல்தான் நின்றேன். வினோஜா விரிந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாமி, உங்களைப் பேய் பிடிக்குமோ?"

"என்னையோ? என்ர பேரைக் கேட்டாலே குளம் தாண்டி ஓடும்!"

"அப்ப பயமில்லைத்தானே. நான் விட்ட மாதிரி நீங்களும் மூச்சு விடுங்கோ."

சாமியார் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுத் திருநீற்றுத் தட்டைக் கையில் எடுத்தார். அவரை மாட்டிவிட்டது அவருடைய பெரிய பக்தர் கதிர்காமநாதன்தான். "விட்டுக் காட்டுங்கோ சாமி! இவள் வாயை மூடட்டும்" என்று கைகூப்பினார். சனமும் கத்தியது. உடுக்கை எப்படியோ வினோஜாவின் கைக்கு வந்துவிட்டது.

"வேகமா சாமி! இன்னும் வேகமா!"

தாடி ஆடியது. திருநீற்றுத் தட்டு நழுவி விழுந்தது. சாமியாரின் பத்து விரல்களும் கொக்கலகாய்க் குவிந்தன.

"ஐயோ, சாமியைப் பிடிச்சிட்டுது!" கதிர்காமநாதன் பாய்ந்து பின்னால் போனார்.

"ஒண்டும் பிடிக்கேல்லை" என்றாள் வினோஜா. "அளவுக்கு மிஞ்சி மூச்சு விட்டால் ரத்தத்தில தனியாத் திரியிற கல்சியம் குறையும். நரம்புக் கலத்தின்ர மென்சவ்வில புரதத்தால ஆன குட்டிக் கதவுகள் இருக்கு. அதுகள் கண்டபடி திறக்காமல் பாக்கிறது கல்சியம். அது குறைஞ்சால் கதவு சும்மாவே திறக்கும், நரம்பு துடிக்கும், விரல் மடங்கும். மெல்ல மூச்சு விடுங்கோ சாமி, சரிவரும். பட்டுத்துணி வேணுமோ?"

"இது... இது நல்ல பேய்" என்று சாமியார் முனகினார். கொட்டில் சிரிப்பில் அதிர்ந்தது.

விமலேஸ்வரி சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்தார். "எழும்பு பிள்ளை. பெட்டி அடுக்கவேணும்."

சாமியாரை மட்டும் குறை சொல்லி என்ன? வேகமாக மூச்சு விடச் சொன்னார், ஊரே விட்டது. ஏன் என்று கேட்கத்தான் நாங்கள் ஒருவரும் மூச்சு விடவில்லை. இனியாவது அதற்கும் கொஞ்சம் மூச்சை வைத்திருங்கள்.