அம்பத்திரண்டு லீற்றர் இடம்

மட்டக்களப்பில் கனவளவு அண்ணன் அளக்காமல் விட்டது வாவி ஒன்றைத்தான். அதுவும், அதை முக்கி எடுக்கிற அளவுக்கு வாளி எந்தக் கடையிலும் கிடைக்காததால்.

வெளிநாட்டுக்குப் பெட்டி அனுப்பும் எங்கள் பார்சல் கந்தோரில் அவர் பெட்டி அளப்பவர், நான் பற்றுச்சீட்டு எழுதுபவள். அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். அங்கே பிடித்த பைத்தியத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அதுதான் கனவளவு என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பெடுத்ததில், சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் மிஞ்சியது.

கந்தோர் அவருக்குக் கொடுத்தது அளக்க ஒரு ரேப்பும் நிறுக்க ஒரு தராசும். அவர் தானாகச் சேர்த்தது ஒரு நீல வாளி. விளிம்புவரை தண்ணீர் நிரப்புவார், பொருளை மெல்ல இறக்குவார், வழிந்த தண்ணீரைப் பிடித்து அளப்பார்.

"நீளம் அகலமெல்லாம் பெட்டிக்குத்தான் புள்ள. கோணல் சாமானுக்குத் தண்ணிதான் நீதவான்" என்பார்.

ஒருமுறை வவுணதீவிலிருந்து ஓர் அம்மா, கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்ப அம்மிக்குழவி கொண்டுவந்தார். நிறுத்தால் போதும். இவர் வாளியில் இறக்கி, கணக்குப் போட்டு, முகத்தைச் சுளித்தார்.

"அம்மா, இது கருங்கல்லில்ல. கல்லெண்டா இந்தப் பருமனுக்கு இன்னும் பாரமா இருக்கும். இது சீமெந்து வாத்தது."

நான் கண்ணைக் காட்டினேன். அவர் எங்கே பார்த்தார்! அந்த அம்மா குழவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு துள்ளினார்.

"கலியாணத்துக்கு என்ட மாமி தந்தது தம்பி! அதுதானே சம்பலெல்லாம் நறநறத்த? முப்பது வருசமா என்ட கைப்பக்குவத்திலதான் பிழையெண்டு சொல்லித் திரிஞ்சாவே மனிசி!"

குழவியை வாசலிலேயே போட்டுவிட்டு, இவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். இவர் அதையும் வாளியில் இறக்கினார்.

தேநீர்க் கடையிலும் இதே கூத்துத்தான். வடை போன மாதத்தைவிடச் சிறுத்துவிட்டது என்று தண்ணீர்க் கிளாசுக்குள் முக்குவார்.

"நீங்க வடை தின்ன வந்தீங்களா, அதக் குளிப்பாட்ட வந்தீங்களா?" என்று கடைக்காரர் கும்பிடு போடுவார்.

கனவளவு அண்ணனின் மனைவி மலரக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். போய் நாலு வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரிடமிருந்து எங்கள் கந்தோருக்கே பெட்டி வரும். மற்றவர்கள் பெட்டியைப் பிரித்துப் பால்மாவைத் தேடுவார்கள். இவர் ஒவ்வொன்றாக அளந்து, கூட்டி, பெட்டியின் கனவளவில் கழிப்பார். உடனே போன் எடுப்பார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"மலர், பெட்டிக்குள்ள பதினொரு லீற்றர் இடம் சும்மா கிடந்திருக்கு. காத்தையா அனுப்பின நீ?"

"அந்த இடத்துக்குள்ள நான் ஏறி வரலாமெண்டா வந்திருப்பன்" என்று ஒருமுறை பதில் வந்தது. கந்தோரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் தடவிக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதம் அக்காவின் ஒப்பந்தம் முடிய இருந்தது. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா என்று அந்த வீட்டார் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்கா முடிவை இவரிடம் விட்டிருந்தார். இவரோ, "வீடு இன்னும் பூசி முடியல்லயே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம், வாளியில் தண்ணீரை நிரப்பி, எதையும் இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணன் அளக்கிறீங்க?"

"ஆக்கள் வாவியில பெரிசா மிதக்கிறதுமில்ல, தாழுறதுமில்ல. அப்ப ஒரு கிலோவுக்கு ஒரு லீற்றர் கணக்கு. மலர் போகக்குள்ள அம்பத்திரண்டு கிலோ." வாளித் தண்ணீரில் ஒரு விரலை விட்டு எடுத்தார். "வீட்டுக்குள்ள அம்பத்திரண்டு லீற்றர் குறையுது புள்ள. அலுமாரி வாங்கி வச்சன். மறுகா பிரிஜ் வாங்கினன். மட்டம் ஏறுதில்ல."

எனக்கு அழுகை வந்தால் கோபம்தான் வரும்.

"இத அக்காட்டச் சொன்னீங்களா?"

"இதெல்லாம் சொல்லுற கதையா?"

அவருடைய போனைப் பறித்து, குரல் பதிவை அமத்தி, வாயருகே பிடித்தேன். திருதிருவென்று முழித்தார். பிறகு, அலுமாரி, பிரிஜ் உட்பட ஒன்று விடாமல் சொன்னார்.

பதில் அன்று வரவில்லை. வெள்ளி காலையில் வந்தது. நாலே சொல்.

"இடத்த அளந்து வைங்க. வாறன்."

வந்த அக்கா ஒருநாள் எங்களைப் பார்க்கக் கந்தோருக்கு வந்தார். இந்த மனுசன், நான் தடுக்கத் தடுக்க, அவரைப் பார்சல் தராசில் ஏற்றிவிட்டார். நாற்பத்திநாலு. இறக்கி, தட்டைத் துடைத்து, மறுபடி ஏற்றினார். நாற்பத்திநாலு.

"தராசு பிழை" என்றார். அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டிராத சொல்.

"தராசு சரி. வேலைதான் கூடிப்போச்சு" என்று அக்கா சிரித்தார்.

அண்ணன் வெளியே போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, கையில் எட்டு வடை. ஒன்றையும் தண்ணீரில் முக்கவில்லை. அப்படியே அக்காவின் கையில் கொடுத்து, "தின்னு" என்றார்.

இப்போது இருவரும் அக்காவின் ஊரான கல்குடாவில் இருக்கிறார்கள். இவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. சந்தோசமான விசயம்தான், நானும் கையசைத்துத்தான் அனுப்பினேன். ஆனால் அவர் உட்காரும் கதிரை இருந்த மூலையில் எத்தனை பெட்டி அடுக்கினாலும் மட்டம் ஏறுகிறதில்லை. ஊரையே அளந்த மனுசனை ஒருநாளாவது அந்தத் தராசில் ஏற்றிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. ஏற்றியிருந்தால், எங்களுக்கு எத்தனை லீற்றர் குறைகிறது என்றாவது தெரிந்திருக்கும்.