என் நல்ல முழங்காலைக் காப்பாற்றவும்

தெமோதரை,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஷெல்டன் அவர்களுக்கு மாமனார் யாகோப்பு எழுதிக்கொள்வது. தேவதாயின் தயவால் வத்தளையில் நீங்களும் நிஷாலினியும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நிஷாலினி எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், இந்தப் பக்கம் உங்கள் மாமியார் என் தோளுக்குப் பின்னாலேயே நிற்பாள். அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

விஷயம் இதுதான் மாப்பிள்ளை. என் முழங்காலை வெட்டப் போகிறார்கள். வலிக்கிற கால் உங்கள் மாமியாருடையது. தேயிலை மலையில் ஏறி இறங்கியே தேய்ந்த கால். லயத்து வீட்டு வாசல் படியில் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத்தான் செசிலி இறங்குகிறாள். போன சனிக்கிழமை ஹாலிஎலயில் ஒரு மண்டபத்தில் மூட்டுவலி முகாம் என்று கேள்விப்பட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். நான் துணைக்குப் போனவன். வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள், எனக்கும் நீட்டினார்கள். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, மழைக்காலத்தில் என் முழங்காலும் கொஞ்சம் முனகத்தான் செய்கிறது, வாங்கிவிட்டேன். அங்கேதான் வினை. எப்படிக் கேட்டால் சரியான பதில் வரும் என்று பார்ப்பதற்காகத் தாளை இரண்டு விதமாக அச்சடித்திருந்தார்களாம். எனக்கு வந்த மஞ்சள் தாளில் 'கடந்த வாரம் இதைச் செய்தீர்களா' என்று கேட்டிருந்தது. செசிலிக்கு வந்த வெள்ளைத் தாளில் 'இதை உங்களால் செய்ய முடியுமா' என்று இருந்தது. வேலைகள் என்னவோ இரண்டிலும் ஒன்றுதான்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் தராசில் கொழுந்து நிறுத்தவன், கேட்டதற்குக் கூட்டாமல் குறைக்காமல் பதில் சொல்லுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். வீடு கூட்டினீர்களா? இல்லை. துணி துவைத்தீர்களா? இல்லை. தண்ணீர் தூக்கினீர்களா, குனிந்து அடுப்பு மூட்டினீர்களா, தரையில் உட்கார்ந்து எழுந்தீர்களா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை. வீட்டில் செசிலி இருக்கும்போது நான் ஏன் அதையெல்லாம் செய்யப் போகிறேன்? அவளோ எல்லாவற்றுக்கும் முடியும் என்று போட்டுவிட்டு வந்து நிற்கிறாள். அவளையும் குற்றம் சொல்வதற்கில்லை. விடியற்காலைப் பெரட்டில் கங்காணி வேலை பிரிக்கும்போது, மேல்மலைக்கு ஏற முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்லவேண்டும். முடியாது என்றவளுக்கு அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. அந்த வாய்க்கு வேறு பதில் வராது.

தாளைக் கூட்டிப் பார்த்த டாக்டர் சிவசக்தி, நல்ல பிள்ளை, நம் நிஷாலினி வயதுதான் இருக்கும், என்னைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு முடியாமல் எப்படி ஐயா நடந்து வந்தீர்கள் என்று ஒரு நாற்காலியைப் போட்டது. இந்தப் பக்கத்துக்கு ஒரே ஓர் ஆபரேஷன் இடம்தானாம், அதில் என் பெயரை எழுதிவிட்டது. செசிலியைப் பார்த்து, அம்மா நல்ல திடமாக இருக்கிறீர்கள், ஐயாவைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை என்று நான் கெஞ்சினேன். பயத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். வீட்டுக்கு வந்து ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று செசிலியிடம் கேட்டால், "முடியாதுன்னு எப்படிங்க சொல்றது? காலையில எந்திரிச்சா செஞ்சுதானே ஆகணும்" என்கிறாள்.

சனிக்கிழமை மறுபடியும் போகவேண்டும், அதே தாளைத் தருவார்களாம். நான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இந்த வாரம் முழுக்க எல்லா வேலையும் நானே செய்வது, அப்போது எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று போடலாம், பொய்யில்லை. அவள் ஒரு துரும்பையும் அசைக்கக்கூடாது, பழக்கம் விட்டுப் போனால் வாயில் 'முடியாது' என்பது வந்துவிடும். மாப்பிள்ளை, தேங்காய் துருவுவது எவ்வளவு ஆபத்தான வேலை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு விரலில் கட்டு. நான் சுட்ட ரொட்டியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. தண்ணீர் விழும் பீலியடியில் நான் துணி கசக்கும்போது பெண்கள் வாளியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். செசிலி படுத்த படுக்கை, இல்லாவிட்டால் யாகோப்பு ஏன் பாவாடை துவைக்கிறார் என்று லயம் முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டுக் கணபதி ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து அழுதுவிட்டுப் போனான். நேற்று பங்குச் சாமியாரே, சாகக்கிடப்பவர்களுக்குச் செய்யும் நோயில்பூசுதலுக்கு எண்ணெயோடு வந்துவிட்டார். செசிலி எழுந்து அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போனாள், உட்காரு என்று நான் போட்ட சத்தத்தில் சாமியார் பயந்து போனார்.

எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. என் கால் போவது கூடப் பரவாயில்லை. அவளுக்குக் கிடைக்கவேண்டிய இடத்தில் நான் போய்ப் படுத்தால், அப்புறம் அவள் காலம் முழுக்கப் பின்பக்கமாகவே இறங்கவேண்டியதுதான். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. எப்படியாவது வெள்ளி இரவு ரயிலில் வந்து, சனிக்கிழமை டாக்டரிடம் இங்கிலீசில் எடுத்துச் சொல்லுங்கள். பட்டியலில் இருந்து என் பெயரை வெட்டி, செசிலியின் பெயரைப் போடச் சொல்லுங்கள். உங்கள் மூவருக்கும் ஆண்டவருடைய ஆசீர் எப்போதும் இருக்கட்டும். பிள்ளைக்கு முத்தம்.

இப்படிக்கு,
வெட்டுக்குக் காத்திருக்கும் மாமா,
யாகோப்பு.

பி.கு.: இன்றைக்குத் திங்கட்கிழமை. தபாலில் போட நேரம் கிடைக்கவில்லை, பானை கழுவ வேண்டியிருந்தது. சனிக்கிழமை நாங்களே போய் வந்தோம். மஞ்சள் தாளில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று போட்டேன், என் பெயரை எடுத்துவிட்டார்கள். செசிலி இந்த முறையும் எல்லாவற்றுக்கும் முடியும் என்றே போட்டாள், எனக்குத் தலை சுற்றியது. டாக்டர் பிள்ளை என் கைக்கட்டையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தது. "செஞ்சு முடிச்ச பிறகு எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டது. செசிலி, "அதை யாரும் கேக்கலீங்களே" என்று சொல்லி அழுதுவிட்டாள். அவள் முழங்காலைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு வார ஓய்விலேயே வீக்கம் வடிந்திருக்கிறதாம். மூன்று மாதம் இப்படியே ஐயாவே வேலை செய்யட்டும், அதற்குப் பிறகும் வலித்தால் முதல் பெயர் அம்மாவுடையது என்றார்கள். நேற்றுப் பூசைக்குப் போகும்போது லயத்துப் படியில் அவள் முகத்தை முன்னால் வைத்து இறங்கினாள். பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். ஆனாலும் நீங்கள் அவசியம் வரவேண்டும். முழங்கால் ஆபரேஷன் செய்தவர்கள் ஆறு வாரத்துக்கு வீட்டு வேலை எதுவும் செய்யக்கூடாது என்று கணபதி சொல்கிறான். என் பெயரை மறுபடியும் பட்டியலில் போடச் சொல்லி டாக்டரிடம் இங்கிலீசில் கேளுங்கள்.