காலுறைக்குள் சுண்ணாம்பு

புதுச் சப்பாத்தை முதல் நாள் வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பழக வேண்டும். காலுறை நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். கொப்புளம் கண்டால் நடப்பதை நிறுத்த வேண்டும், உடைக்கக் கூடாது. இலங்கை மலைநாட்டில், பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்துச்சாலைச் சுவரில் இந்த விதிகள் ஒட்டப்பட்டிருந்தன. எழுதி ஒட்டியவன் நான். அன்று அந்தத் தோட்டத்தில் சப்பாத்துப் போடுகிறவர் வெள்ளைக்காரத் துரை ஒருவர்தான். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது.

முதலாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம் அது. நான் அங்கே மருந்து கலக்குபவன், தற்காலிகமாக. வேலை நிரந்தரமானால் தனி வீடு கிடைக்கும். அதுவரை தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், மாமனார் குடும்பத்தோடு ஒரே அறை, நடுவில் ஒரு சாக்குத் திரை. என் மனைவி பேச்சி அப்போது ஐந்து மாதம்.

"பிள்ள பொறக்குறதுக்குள்ள நமக்குன்னு ஒரு கதவாவது இருக்கணும்" என்பாள். (மாமனாரின் குறட்டையை நீங்கள் கேட்டதில்லை.)

ஐப்பசி மழையில் தோட்ட மருந்துச்சாலைகளுக்கெல்லாம் மேலான பெரிய டாக்டரிடமிருந்து அழைப்பு வந்தது: வேலை நிரந்தரமாவதற்கான நேர்முகத்துக்குப் பண்டாரவளைக்கு வரவும். அதற்கென்றே புதிதாக ஒரு சோடிச் சப்பாத்து வாங்கினேன். வழியெல்லாம் அட்டை. தோட்டத்துச் சனங்கள் சுண்ணாம்பையும் புகையிலையையும் குழைத்து வெறுங்காலில் பூசிக்கொள்வார்கள், அட்டை அண்டாது. பேச்சியும் ஒரு சிரட்டை நிறையக் குழைத்துத் தந்தாள்.

"லேசாத் தடவிக்கிட்டுப் போங்க. சப்பாத்தக் கையில எடுத்துக்கிட்டு, அங்க வாசல்ல மாட்டிக்கங்க."

"சப்பாத்தக் கையில தூக்கிட்டு வர்றவனுக்கு எவன் வேல குடுப்பான்?"

"அப்ப ஒங்க இஷ்டம். படிச்சவரு."

படித்தவன் யோசித்தேன். வெறுங்காலில் பூசினால் மழை கழுவிவிடும். காலுறைக்குள் போட்டால் ஒரு பொட்டும் வீணாகாது. சிரட்டையை வழித்து இரண்டு காலுறைக்குள்ளும் சமமாகப் போட்டு, புதுச் சப்பாத்தை இறுக்கிக் கட்டினேன்.

பாதி வழியில் கால் சூடாகியது. பழகுகிறது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச தூரத்தில் எரிந்தது. மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"என்னங்கய்யா, திருவிழா முடிஞ்சு போச்சே. இன்னும் தீ மிதிக்கிறீங்க?"

நின்றால் வேலை போகும், நடந்தால் தோல் போகும். நடந்தேன்.

பெரிய டாக்டர் நம்மவர். கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற மனிதர். என்னை நிற்க வைத்தே கேட்டார்.

"காலில சின்னச் சின்னக் கொப்புளம். என்ன காரணம்?"

"உராய்வு, ஈரம், சூடு. சில வேள காரமான மருந்து பட்டாலும் வரும் ஐயா." கடைசிக் காரணத்தைச் சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது.

"சிகிச்சை?"

"சோப்புத் தண்ணியில கழுவி, சுத்தமான துணியால மூடணும். உடைக்கக் கூடாது. பெருசாகி நோவு தாங்கலன்னா, நெருப்புல காட்டின ஊசியால ஓரத்துல குத்தி நீர வடிக்கலாம். மேல்தோல உரிக்கக் கூடாது."

"சரி. நீர் ஏன் கொக்கு மாதிரிக் கால மாத்தி மாத்தித் தூக்குறீர்?"

சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். காலுறை வெள்ளையும் தவிட்டு நிறமுமாக உரிந்து வந்தது. பாதம் முழுக்க மணி மணியாகக் கொப்புளங்கள். அவர் குனிந்து முகர்ந்தார்.

"சுண்ணாம்பு. போயில. வெத்தில பாக்கு மட்டுந்தான் கொறையுது."

பிறகு அவரே தண்ணீர் ஊற்றி ஊற்றி நெடுநேரம் கழுவி, கட்டுப்போட்டு, எங்கள் தோட்டப் பக்கம் போகிற அரிசி வண்டியில் மூட்டையோடு மூட்டையாக என்னை ஏற்றிவிட்டார். "பதில் வரும்" என்றார். என் மருந்துச்சாலையில், நான் ஒட்டிய விதிகளுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தேன். பேச்சி வந்து பார்த்தாள். சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள், அல்லது அழுகையை மூடிக்கொண்டு சிரித்தாள். இன்றும் எங்கள் வீட்டில் யார் சப்பாத்து வாங்கினாலும், "வெத்தில வச்சாச்சா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

பதில் ஒவ்வொரு மேசையிலும் ஓர் ஒப்பம் வாங்கிக்கொண்டு, அவசரமில்லாமல் வந்தது. விடைகள் அனைத்தும் திருப்தி, நியமனம் நிரந்தரம், வீட்டுச் சாவியைத் தாமதமின்றிப் பெற்றுக்கொள்ளவும். சாக்குத் திரைக்குப் பின்னால் பிறந்த எங்கள் மூத்தவன், அதைக் கொண்டுவந்த தபால்காரரை வாசல்வரை நடந்துபோய் எதிர்கொண்டான். அன்று, அடுத்த ஆடியும் கழிந்து, அதற்கடுத்த ஆடி பதினெட்டாம் தேதி.